கழுத்து நிணநீர்க் கணு நீக்கம்

கழுத்து நிணநீர்க் கணு நீக்கம் என்பது வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை, தைராய்டு முதலிய தலை, கழுத்து உறுப்புகளில் தோன்றும் புற்றுநோய் கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கும்போது, அல்லது பரவியிருக்கக்கூடும் என்று கருதப்படும்போது, அக்கணுக்களை அவற்றைச் சூழ்ந்துள்ள கொழுப்புத் திசுவுடன் ஒரே தொகுதியாக அகற்றும் அறுவைச் சிகிச்சை ஆகும். தனியொரு கணுவைச் சோதனைக்காக வெட்டி எடுப்பது இதில் அடங்காது. வாய்ப்புற்றுநோய் மிகுதியாகக் காணப்படும் இந்தியாவில், புற்றுநோய் மருத்துவமனைகளில் அடிக்கடி செய்யப்படும் பெரிய அறுவைகளுள் இதுவும் ஒன்றாகும். 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1.4 இலட்சம் பேருக்கு உதடு, வாய்க்குழிப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாக உலகப் புற்றுநோய்க் கணக்கீடு மதிப்பிட்டது.

தலை, கழுத்துப் புற்றுநோயாளி ஒருவர் எவ்வளவு காலம் உயிர் வாழ்வார் என்பதை முன்கூட்டிக் காட்டும் குறிகளுள் கழுத்துக் கணுக்களின் நிலையே முதன்மையானது. ஒரே அளவுள்ள நாக்குப் புற்று இருவருக்கு இருப்பினும், கணுவில் பரவல் உள்ளவர் பிழைக்கும் வாய்ப்பு மற்றவருடையதில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. புற்று கணுவின் உறையைத் துளைத்து வெளியேறியிருந்தால் நிலை மேலும் மோசமாகும். ஆகவே வாயில் உள்ள புண்ணை அகற்றுவது மருத்துவத்தின் பாதியே. கழுத்தை என்ன செய்வது என்பதே கடினமான மறுபாதி.

கழுத்தின் நிணநீர் மண்டலம்

மனித உடலின் நிணநீர்க் கணுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழுத்தில் அமைந்துள்ளது. அறுவை மருத்துவர்கள் இவற்றை எண்ணிட்ட நிலைகளாகப் பிரிக்கின்றனர். முதல் நிலை மோவாய்க்கும் கீழ்த்தாடைக்கும் அடியில் உள்ளது. காதின் கீழிருந்து காறை எலும்பு வரை, உட்கழுத்துச் சிரையை ஒட்டி இறங்கும் கணுச்சரம் இரண்டாம், மூன்றாம், நான்காம் நிலைகளாகப் பகுக்கப்படுகிறது. நாவடி எலும்பும் மோதிரக் குருத்தெலும்பும் இவற்றின் எல்லைக் கற்கள். கழுத்தின் பின் முக்கோணம் ஐந்தாம் நிலை. மூச்சுக்குழலுக்கும் தைராய்டுக்கும் அருகில் நடுவில் உள்ளது ஆறாம் நிலை. மார்பெலும்பின் மேல்விளிம்புக்குக் கீழே இறங்கும் கணுக்களை ஏழாம் நிலை என்பர்.

இப்பகுப்பு வெறும் வசதிக்கானது அன்று. ஒவ்வோர் உறுப்பின் நிணநீரும் பெரும்பாலும் குறிப்பிட்ட நிலைகளுக்கே முதலில் வடிகிறது. வாய்ப்புற்று முதல் மூன்று நிலைகளுக்கும், குரல்வளை, தொண்டைப் புற்று இரண்டு முதல் நான்கு வரையிலான நிலைகளுக்கும், தைராய்டுப் புற்று ஆறாம் நிலைக்கும் முதலில் செல்வது வழக்கம். 1990இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையைச் சேர்ந்த ஜதின் ஷா, 1,081 நோயாளிகளிடம் செய்யப்பட்ட 1,119 முழு நீக்க அறுவைகளை ஆராய்ந்து இவ்வொழுங்கை உறுதி செய்தார். எல்லாக் கணுக்களையும் எல்லோருக்கும் எடுக்க வேண்டியதில்லை என்ற கருத்துக்கு இத்தகைய ஆய்வுகளே அடிப்படையாயின. நாக்குப் புற்று சில வேளைகளில் இடைநிலைகளைத் தாண்டி நேரே நான்காம் நிலைக்குச் செல்வதுண்டு என்பதால், நாக்குக்கு அந்நிலையையும் சேர்த்து அகற்றுவோர் உளர்.

வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், கழுத்தில் கட்டி தெரிந்த நோயாளி கைவிடப்பட்டவராகவே கருதப்பட்டார். சுவிட்சர்லாந்தின் தியோடர் கோக்கர் 1880இல் நாக்குப் புற்றுடன் தாடையடிக் கணுக்களையும் சேர்த்து அகற்றும் முறையை விளக்கினார். 1888இல் வார்சாவின் பிரான்சிஷெக் யாவ்தின்ஸ்கி கழுத்துத் திசுவை ஒரே தொகுதியாக அகற்றியதைப் போலிய மொழியில் எழுதினார். அம்மொழிக்கு வெளியே அது நெடுங்காலம் அறியப்படாமலே கிடந்தது.

இவ்வறுவையின் தந்தை என்று பாடநூல்கள் குறிப்பது அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரைச் சேர்ந்த ஜார்ஜ் கிரைல் என்பவரை. 1906இல் அவர் 132 அறுவைகளின் பட்டறிவை வெளியிட்டார். கணுக்களைத் தனித்தனியாகப் பிடுங்கினால் புற்றணுக்கள் சிந்திப் பரவும். ஆகவே முழுத் தொகுதியையும் உறையோடு எடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் இன்றைய மயக்க மருந்தியலும் இல்லாத காலத்தில் இது துணிச்சலான செயலே. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நியூயார்க்கின் ஹேய்ஸ் மார்ட்டின் இதைத் திட்டவட்டமான அறுவையாக நிலைநிறுத்தினார். 1951இல் வெளியான அவரது நீண்ட கட்டுரை ஒரு தலைமுறை மருத்துவர்களுக்கு வழிகாட்டியாக விளங்கியது. கழுத்தின் பெரிய தசை, உட்கழுத்துச் சிரை, துணை நரம்பு ஆகிய மூன்றையும் விட்டுவைப்பது புற்றையும் விட்டுவைப்பதாகும் என்று அவர் கருதினார்.

அக்கருத்தை உடைத்தவர் அர்ஜென்டினாவின் ஓஸ்வால்டோ சுவாரெஸ். கழுத்தின் தசைகளும் குருதிக் குழாய்களும் தனித்தனி இணைப்புத்திசு உறைகளால் போர்த்தப்பட்டுள்ளன. கணுக்கள் அவ்வுறைகளுக்கு வெளியே உள்ளன. எனவே பழத்தின் தோலை உரிப்பதுபோல் உறையை உரித்தால் உள்ளிருக்கும் உறுப்பைக் காக்கலாம் என்று அவர் 1963இல் எழுதினார். ஸ்பானிய மொழியில் வந்த இக்கட்டுரையும் உடனே பரவவில்லை. இத்தாலியின் எத்தோரே பொக்கா 1967இல் ஆங்கிலத்தில் எழுதிய பின்னரே உலகம் அறிந்தது. யாவ்தின்ஸ்கிக்கும் சுவாரெசுக்கும் நேர்ந்தது ஒன்றே: எழுதிய மொழி அவர்களின் முதன்மையை மறைத்தது.

வகைகள்

1991இல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவக் கழகத்தின் சார்பில் ராபின்ஸ் தலைமையிலான குழு ஒன்று பெயர்களை ஒழுங்குபடுத்தியது. 2002, 2008 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தப்பட்டது.

முழு நீக்கத்தில் முதல் ஐந்து நிலைகளின் கணுக்களுடன், காதின் பின்னிருந்து மார்பெலும்புக்குச் சாய்வாக இறங்கும் பெருந்தசை (ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு), உட்கழுத்துச் சிரை, பதினோராம் மண்டையோட்டு நரம்பாகிய துணை நரம்பு ஆகிய மூன்றும் அகற்றப்படுகின்றன. மாற்றியமைத்த முழு நீக்கத்தில் அதே ஐந்து நிலைகளும் அகற்றப்பட்டாலும், இம்மூன்றில் ஒன்றோ இரண்டோ அனைத்துமோ காக்கப்படும். தேர்ந்த நீக்கத்தில் சில நிலைகள் மட்டுமே எடுக்கப்படும். வாய்ப்புற்றுக்கு முதல் மூன்று நிலைகளை எடுப்பது இதன் பரவலான வடிவம். இவற்றுக்கு அப்பால், தோல், கழுத்துத் தமனி, வேகஸ் நரம்பு போன்றவற்றையும் சேர்த்து எடுக்க நேர்ந்தால் அது விரிவான நீக்கம் எனப்படும். இன்று முழு நீக்கம் அரிதாகவே, புற்று அம்மூன்று உறுப்புகளையும் நேரடியாகப் பற்றியிருந்தால் மட்டுமே செய்யப்படுகிறது.

அறுவை முறை

நோயாளிக்கு முழு மயக்கம் தரப்பட்டு, தோளின் அடியில் தாங்கி வைத்துக் கழுத்து பின்னோக்கி வளைக்கப்பட்டு, முகம் மறுபுறம் திருப்பப்படுகிறது. தோலை எப்படிக் கீறுவது என்பதே முதல் முடிவு. மூன்று கீறல்கள் சந்திக்கும் முனை எளிதில் அழுகிப் பிளக்கும். அம்முனை கழுத்துத் தமனியின் மேல் அமைந்துவிட்டால், தமனி வெளிப்பட்டு உடையும் பேராபத்து உண்டு. 1960இல் மேக்ஃபீ என்பவர் சந்திப்பே இல்லாத இரு இணைக் கிடைக்கீறல்களை முன்வைத்தார். முன்பே கதிர்வீச்சு பெற்ற கழுத்துகளுக்கு இது இன்றும் விரும்பப்படுகிறது. ஏனைய இடங்களில் கழுத்தின் இயற்கை மடிப்பை ஒட்டிய ஒற்றைக் கீறலே போதுமானதாகிறது.

தோலும் அதன் அடியிலுள்ள மெல்லிய பிளாட்டிஸ்மா தசையும் சேர்த்து உயர்த்தப்படுகின்றன. இப்படலத்தை உயர்த்தும்போது கீழ்த்தாடையின் விளிம்பை ஒட்டி ஓடும் முக நரம்பின் சிறுகிளையைக் காக்க வேண்டும். அது அறுபட்டால் வாயின் ஒரு கோடி சிரிக்கும்போது இறங்காது. பின்னர்த் தாடையடியில் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி கணுக்களுடன் எடுக்கப்படும். அதன் ஆழத்தில் நாக்கின் உணர்ச்சிக்கும் அசைவுக்குமான இரு நரம்புகள் உள்ளன. பெருந்தசையை விலக்கி, அதன் உட்பரப்பிலிருந்து உறையை உரித்து, மேற்பகுதியில் துணை நரம்பு கண்டறியப்படுகிறது. தமனி, சிரை, வேகஸ் நரம்பு ஆகிய மூன்றின் மேலிருந்தும் கொழுப்பும் கணுவும் கொண்ட தொகுதி உரித்தெடுக்கப்படுகிறது. அடித்தளத் தசைகளின் மேல் போர்த்த உறையைத் துளைக்காமலிருந்தால், உதரவிதான நரம்பும் கைக்குச் செல்லும் நரம்புப் பின்னலும் பாதுகாப்பாக இருக்கும். இடப்புறம் கீழ்க்கழுத்தில் மார்பு நிணநீர் நாளம் சிரையில் கலக்கிறது. இந்நாளம் கிழிந்தால் உணவின் கொழுப்பு கலந்த பால்நிற நீர் நாள்தோறும் வடியும். சிறு கசிவு கொழுப்பற்ற உணவால் அடங்கும்; பெருங்கசிவுக்கு மறுஅறுவை தேவைப்படலாம்.

இறுதியாக, குருதியும் நிணநீரும் தேங்காதவாறு உறிஞ்சு குழாய்கள் வைக்கப்பட்டுக் கீறல் மூடப்படுகிறது. எடுத்த தொகுதி நிலைவாரியாகக் குறியிடப்பட்டு நோயியல் ஆய்வுக்குச் செல்கிறது. ஆய்வில் குறைந்தது 18 கணுக்களேனும் எண்ணப்பட வேண்டும் என்பது அறுவையின் தரத்துக்கு இன்று பரவலாகக் கொள்ளப்படும் அளவுகோல்.

தோளும் துணை நரம்பும்

துணை நரம்பு தோளை உயர்த்தும் சரிவகத் தசையை இயக்குகிறது. அதை வெட்டினால் தோள் தொங்கும். கையைப் பக்கவாட்டில் தலைக்கு மேல் உயர்த்த இயலாது. தோள்மூட்டில் தீராத வலி நிலைக்கும். தலையில் கூடை தூக்குபவருக்கும், கிணற்றில் நீர் இறைப்பவருக்கும், சுவருக்கு வெள்ளையடிப்பவருக்கும் இது தொழிலை இழப்பதாகும். புற்றிலிருந்து பிழைத்தவர் அதன் பின் எவ்வாறு வாழ்கிறார் என்ற கேள்வி மார்ட்டின் காலத்திலேயே எழுந்தது. 1952இல் அவரது குழுவினரே நோயாளிகளின் தோள் பாதிப்பைப் பற்றி எழுதினர். நரம்பைக் காத்தாலும், அதை இழுத்துக் கையாண்டால் சில மாதங்கள் தோள் தளர்வது உண்டு. அதன் மேற்புறம் உள்ள இரண்டாம் நிலையின் பின்பகுதியை எட்டவே நரம்பை மிகுதியாக இழுக்க வேண்டியுள்ளது. தொடக்கநிலை வாய்ப்புற்றில் அப்பகுதியில் பரவல் அரிது என்பதால் அதை விட்டுவிடலாமா என்பது தொடர்ந்து ஆராயப்பட்டு வரும் வினா.

கட்டி தெரியாத கழுத்து

கழுத்தில் கட்டி தெரிந்தால் கணுக்களை எடுக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. வாயில் சிறிய புற்று உள்ளது, கழுத்தைத் தடவினாலும் படம் எடுத்தாலும் ஒன்றும் தெரியவில்லை என்னும்போதே சிக்கல் எழுகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்பரவல் இத்தகையோரில் நால்வரில் ஒருவருக்கேனும் இருக்கக்கூடும். எல்லோருக்கும் அறுவை செய்தால் பெரும்பாலோர் தேவையற்ற அறுவைக்கு ஆளாவர். காத்திருந்து கட்டி தோன்றியபின் அறுத்தால், சிலருக்குக் காலம் கடந்துவிடும். பரவலுக்கான வாய்ப்பு 20 விழுக்காட்டைத் தாண்டினால் முன்கூட்டியே அறுக்கலாம் என்பது 1990களில் கணித்துச் சொல்லப்பட்ட எல்லை.

இவ்வினாவுக்குத் தெளிவான விடை இந்தியாவிலிருந்தே வந்தது. மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனையில் 1980களில் 70 நோயாளிகளைக் கொண்டு நடந்த சிறு ஆய்வு முடிவு காட்டப் போதவில்லை. அங்கேயே அனில் டி'குருஸ் தலைமையில் 2004 முதல் 2014 வரை நடந்த பெரிய ஆய்வு 2015இல் வெளியாயிற்று. ஆய்ந்த 500 பேரில், முன்கூட்டியே கணு நீக்கப்பட்டவருள் மூன்று ஆண்டுகளுக்குப் பின் 80 விழுக்காட்டினரும், காத்திருந்தவருள் 67.5 விழுக்காட்டினரும் உயிருடன் இருந்தனர். நோய் மீண்டவர்கள் முதற்குழுவில் 81, இரண்டாம் குழுவில் 146. வேறு சொற்களில், எட்டுப் பேருக்கு முன்கூட்டி அறுவை செய்தால் ஒரு சாவு தவிர்க்கப்படும். முன்கூட்டி அறுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரின் கணுக்களில் புற்று இல்லை என்பதும் அதே ஆய்வின் உண்மையே.

காத்திருத்தல் என்பது நோயாளி ஒழுங்காகத் திரும்பி வருவார் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. தொலை மாவட்டங்களிலிருந்து வரும் தினக்கூலித் தொழிலாளிக்கு மாதந்தோறும் சோதனைக்கு வருதல் எளிதன்று. இந்தியச் சூழலில் முன்கூட்டிய அறுவைக்கு இதுவும் ஒரு வலுவான காரணம்.

இரு தரப்புக்கும் இடைப்பட்ட வழியாகக் காவல் கணுச் சோதனை உள்ளது. புற்றைச் சுற்றி மெல்லிய கதிரியக்கப் பொருளைச் செலுத்தி, நிணநீர் முதலில் சென்றடையும் கணுவை மட்டும் கண்டறிந்து எடுத்து, அதில் புற்று இருந்தால்தான் எஞ்சிய கணுக்கள் அகற்றப்படும். 2020இல் பிரான்சிலும் 2021இல் சப்பானிலும் வெளியான ஆய்வுகள், இம்முறையால் உயிர்பிழைப்பு குறையவில்லை என்றும் தோள் பாதிப்பு குறைவு என்றும் காட்டின. அணு மருத்துவப் பிரிவும், கணுவை நுண்ணிய சீவல்களாக ஆராயும் நோயியலாளரும் தேவை என்பதால் எல்லா மருத்துவமனைகளிலும் இது இயல்வதில்லை.

சென்னையும் வாய்ப்புற்றுநோயும்

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புடன் புகையிலையைச் சேர்த்து மெல்லும் வழக்கமே தமிழகத்தில் வாய்ப்புற்றுக்கு முதன்மைக் காரணமாக இருந்து வந்துள்ளது. மெல்லும் பொருளை அடக்கி வைக்கும் கன்னக் கதுப்பிலும் ஈறிலும் புற்று தோன்றுவது இந்திய நோயாளிகளின் தனித்தன்மை. மேலைநாடுகளிலோ நாக்கும் வாயின் அடித்தளமுமே மிகுதி. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியான தனது தொகுதியில் அறிவித்தது.

சென்னையில் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கான தனி நிறுவனமாக 1934இல் அரசு பொது மருத்துவமனையில் பார்னார்டு கதிரியல் நிறுவனம் திறக்கப்பட்டது. புற்றுநோய்க்கென முழு மருத்துவமனை ஒன்று வேண்டும் என்று நெடுங்காலம் போராடியவர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்தவர் அவர். அவரது முயற்சியால், இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் அடையாற்றில் புற்றுநோய் நிறுவனம் உருவாயிற்று. 1952இல் சவகர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954 சூனில் 12 படுக்கைகளுடன் அது செயல்படத் தொடங்கியது. முத்துலட்சுமியின் மகனும் அறுவை மருத்துவருமான சு. கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த வி. சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தனர். 1957இல் அங்குக் கோபால்ட்-60 கருவி நிறுவப்பட்டது.

அடையாற்றுக்கு வந்த வாய்ப்புற்று நோயாளிகளில் பெரும்பாலோர் நோய் முற்றிய நிலையில் வந்தனர். கன்னத்தைத் துளைத்த புண்ணும் கழுத்தில் ஒட்டிப்போன கட்டியும் கொண்டவருக்கு அறுவை மட்டும் போதாது. ஆகவே மருந்தையும் கதிர்வீச்சையும் இணைத்து அளிக்கும் கூட்டுச் சிகிச்சையைக் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் அக்காலத்திலேயே ஆராய்ந்தனர். கன்னப் புற்றுக்கான அவர்களது கூட்டுச் சிகிச்சை ஆய்வு 1971இல் பன்னாட்டுக் கதிரியல் இதழொன்றில் வெளியாயிற்று. கதிர்வீச்சுடன் மருந்து சேர்ப்பது உலகெங்கும் நடைமுறையானது அதற்குப் பல ஆண்டுகள் கழித்தே. 1984இல் புற்றுநோய் அறுவை, புற்றுநோய் மருத்துவம் ஆகிய உயர்சிறப்புப் படிப்புகள் இந்நிறுவனத்தில் தொடங்கின. கழுத்துக் கணு நீக்கத்தைப் பொது அறுவையின் ஒரு பகுதியாக அல்லாமல் தனிப் பயிற்சியாகக் கற்றவர்கள் நாட்டில் பெருக இது வழிவகுத்தது. சென்னை நகரின் புற்றுநோயாளிகளைக் கணக்கெடுக்கும் பதிவகமும் 1980களின் தொடக்கம் முதல் இங்கிருந்தே இயங்கி வருகிறது. சாந்தாவுக்கு 2005இல் மகசேசே விருதும் 2016இல் பத்ம விபூசண் விருதும் வழங்கப்பட்டன. அவர் 2021 சனவரி 19 அன்று காலமானார்.

அடையாற்றைத் தவிர, மயிலாப்பூரை அடுத்துள்ள இராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலும் புற்றுநோய் அறுவைப் பிரிவு உள்ளது. கட்டணம் செலுத்த இயலாதோர்க்கு, 2012 முதல் செயற்படும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் அறுவைகளும் அடங்கும்.

கதிர்வீச்சும் அறுவையும்

நோயியல் அறிக்கையில் பல கணுக்களில் பரவல் இருந்தாலோ, உறை துளைக்கப்பட்டிருந்தாலோ, அறுவைக்குப் பின் கதிர்வீச்சு தரப்படும். உறை துளைப்பு இருந்தால் சிஸ்பிளாட்டின் மருந்தும் சேர்க்கப்படும். இதன் பயனை 2004இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வும் ஓர் அமெரிக்க ஆய்வும் காட்டின. அறுவை முடிந்து ஆறு வாரங்களுக்குள் கதிர்வீச்சைத் தொடங்குவது நல்லது.

தொண்டைப் புற்றுக்கு வழி நேர்மாறானது. அங்குக் கதிர்வீச்சும் மருந்துமே முதலில் வருகின்றன. முன்பு அதன் பின்னர்க் கணுக்களையும் கட்டாயமாக அகற்றினர். 2016இல் வெளியான பிரித்தானிய ஆய்வு 564 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தது. பெட்-சிடி படத்தில் புற்று எஞ்சியிருந்தால் மட்டும் அறுத்த பிரிவில் 54 அறுவைகளும், கட்டாயமாக அறுத்த பிரிவில் 221 அறுவைகளும் நடந்தன. உயிர்பிழைப்பில் முதற்பிரிவு குறைவுபடவில்லை. மூக்குத்தொண்டைப் புற்றிலும் கதிர்வீச்சே முதன்மை; எஞ்சியதற்கே கத்தி.

அறுவைக்கு முன்னும் பின்னும்

கழுத்துக் கட்டியைக் கண்டவுடன் அதை வெட்டிச் சோதிப்பது தவறு. அது உறையைக் கிழித்துப் புற்றைச் சிந்தச் செய்து, பின்னர் நடக்கும் முறையான அறுவையையும் சிக்கலாக்கும். நுண்ணூசியால் உறிஞ்சிச் சோதிப்பதே முதற்படி. அதற்கும் முன், வாயையும் தொண்டையையும் முழுமையாகப் பார்த்தல் வேண்டும். மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புப் படலம், வாய் திறப்பு குறுகுதல், கழுத்தில் வலியற்ற கெட்டியான கட்டி ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இருபுறமும் கணு நீக்கம் செய்ய நேர்ந்தால் ஒரு பக்கத்து உட்கழுத்துச் சிரையையேனும் காப்பது இன்றியமையாதது. இரண்டும் ஒரே நேரத்தில் கட்டப்பட்டால் முகம் கடுமையாக வீங்கி மூளையழுத்தம் உயரும். அறுவைக்குப் பின் காதுமடலும் கழுத்தின் தோலும் மரத்துப்போவது பலருக்கும் நேர்வது. ஓரளவு அது காலப்போக்கில் குறையும். காயம் ஆறியவுடன் தோளுக்கான உடற்பயிற்சி தொடங்கப்பட வேண்டும். நரம்பு காக்கப்பட்டிருந்தாலும் பயிற்சியில்லாத தோள்மூட்டு இறுகிவிடும். மீண்டும் நோய் தோன்றுவோரில் பெரும்பாலோர்க்கு அது முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தோன்றுவதால், அக்காலத்தில் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், அதன் பின் இடைவெளி கூட்டி ஐந்தாண்டுகள் வரையும் சோதனை செய்யப்படுகிறது. புகையிலையை விடாதவருக்கு அதே வாயில் இரண்டாவது புற்று புதிதாகத் தோன்றும் வாய்ப்பும் உண்டு.